ரெங்கம்மாவின் கொம்பு

பண்டாரவளையைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் ரயிலை எழுதியிருக்கிறார்கள், குளிரை எழுதியிருக்கிறார்கள், கோவாவும் லீக்ஸுமாக மரக்கறி லொறி ஏறுவதை எழுதியிருக்கிறார்கள். பஸ் நிலையத்துக்குப் பின்னால், 'ஷம்ரா கொமினிகேசன்' என்ற கடையின் உள்மூலையில், போட்டோகொப்பி மெசினுக்கும் சுவருக்கும் இடையில் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்த புவனேந்திரனை மட்டும் ஒருவரும் எழுதவில்லை. ஊவா மாகாணத்தில் ஒரு தமிழ்க் கடதாசி எழுத்துப்பிழை இல்லாமல் வெளியே போனது என்றால் அது அவர் கையால்தான் போயிருக்கும். இது எவ்வளவு பெரிய சாதனை என்பதை அந்த மாகாணத்தின் அறிவித்தல் பலகைகளை ஒருமுறையாவது வாசித்தவர்கள் அறிவார்கள்.

ஆனால் அவர் பெயர் எந்தக் கடதாசியிலும் இருக்காது. விண்ணப்பித்தவர் பெயர் இருக்கும், சிபாரிசு செய்தவர் பெயர் இருக்கும், செத்தவர் பெயர்கூட இருக்கும். திருத்தியவர் பெயர் இருக்காது. "முடி வெட்டுறவரு தன் பேர நம்ம தலையில எழுதியா அனுப்புறாரு?" என்று கேட்பார். அடக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. அதற்குள் நல்ல கர்வம் இருந்தது.

அந்தக் கர்வத்துக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், குடும்பத்துக்கு ஓர் அறை என்று வரிசையாகக் கட்டிய எட்டுக் காம்பிரா லயம் ஒன்றில் பிறந்தவர் அவர். தகப்பன் வீரய்யாவும் தாயும் அடுத்தடுத்துப் போய்விட, பன்னிரண்டு வயது மூத்தவளான அக்கா ரெங்கம்மா கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். தம்பியைப் பண்டாரவளைப் பள்ளிக்கு பஸ் ஏற்றி அனுப்பினாள். அங்கே ஒரு நாள், வீட்டில் உள்ளவர்களின் பெயரை எழுதச் சொன்னார் தமிழ் வாத்தியார். தம்பி 'ரெங்கம்மா' என்று எழுதினான். வாத்தியார் சிவப்புப் பேனாவால் முதலெழுத்தின் முன்னால் இருந்த கொம்பை வெட்டினார்.

"ரங்கம்மா. அதுதான் தமிழ். ரெங்கம்மா, ரெங்கசாமி எல்லாம் லயத்துப் பேச்சு."

வகுப்பு சிரித்தது. டவுன் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்து, வீட்டில் ரெங்கசாமி என்ற மாமனையே வைத்திருந்த தோட்டத்துப் பிள்ளைகளும் சிரித்தார்கள். பத்து வயதுப் புவனேந்திரன் அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தான்: மலையில் இருந்து டவுனுக்கு இறங்கும் பாதை எழுத்துப்பிழை இல்லாத பாதை. அடுத்த நாற்பது வருடம் அதே பாதையில்தான் நடந்தார். உயர்தரப் பரீட்சை ஒரு பாடத்தில் தவறியது. கல்யாணம் நடக்கவில்லை. பத்தாவது வயதில் பிழையாக எழுதிய சொற்களை ஐம்பதாவது வயதில் சரியாக எழுதினார். அக்காவைக் கட்டியவன் கொழும்புக்கு வேலைக்குப் போய் அங்கேயே கரைந்துவிட்டதால் அவளும் தனியாள். ஞாயிறு தோறும் தம்பி பேக்கரிப் பாணும் மாசிக் கருவாடும் வாங்கிக்கொண்டு லயத்துக்குப் போவார். இதுதான் குடும்பம்.

கடை முதலாளி தாஸிம் நானாவுக்கு மகள் ஷம்ரா. கம்பஸில் கம்ப்யூட்டர் படித்தவள். கடையின் பழைய கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து, திறப்பதற்குள் பிளேன்டீ ஆறிப்போகும் நிலை வந்தபோது, அவள் விடுமுறையில் வந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டு இலவச இயக்க முறைமை ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். அதோடு எழுத்துப்பிழை பார்க்கும் ஒரு சாமானும் வந்தது. படம் இல்லை, பொத்தான் இல்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. கட்டளையை அடித்து, பக்கத்தில் கோப்பின் பெயரைச் சொல்ல வேண்டும். அது மேலிருந்து கீழாக வாசிக்கும். தன் அகராதியில் இல்லாத சொல்லைக் கண்டால் நிற்கும். 'இதுவா, இதுவா' என்று கீழே இலக்கமிட்டு மாற்றுச் சொற்களைக் காட்டும். ஷம்ரா ஒரு மட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினாள்: ஐ அடித்தால் விட்டுவிடும். ஏ அடித்தால் அந்தச் சொல்லைத் தன் அகராதியில் சேர்த்துக்கொள்ளும். சின்ன ஆர் அடித்தால் அந்த இடத்தில் மட்டும் மாற்றும். பெரிய ஆர் அடித்தால் கோப்பு முழுக்க மாற்றும். பிழை ஒன்றும் இல்லாவிட்டால் எதுவுமே சொல்லாது.

"பாராட்டாதாம்மா?" என்று புவனேந்திரன் கேட்டார்.

"சரின்னா அது பேசாது அங்கிள். பிழைக்குத்தான் வாயத் தொறக்கும்."

"எங்க வாத்தியாரும் அப்படித்தான்" என்றார் அவர், மிகுந்த மரியாதையோடு.

தாஸிம் நானா எட்டிப் பார்த்தார். "என்னா புவனேந்திரன், கரண்ட் போன மாதிரி ஈக்கிது திரை?"

"இதுலதாங்க நானா எல்லாம் தெரியுது."

"அப்ப நல்லம். கண்ணாடி வாங்குற செலவு மிச்சம்."

அன்றிலிருந்து புவனேந்திரன் சின்ன ஆரும் பெரிய ஆருமாக வாழ்ந்தார். மெசின் சொன்னதை வேதமாக எடுத்துக்கொண்டார். சுவர் மட்டையில் 'ஏ' என்ற எழுத்து பல வருடம் தூசி படிந்து கிடந்தது. அகராதிக்குத் தெரியாத சொல் தமிழில் இருக்க முடியும் என்று அவர் நினைக்கவே இல்லை. ஒருமுறை ஒரு தோட்டத்தில் இருந்து அறிவித்தல் வந்தது. காலையில் வேலைக்காரர்கள் கூடிப் பெயர் கொடுத்து மலைக்குப் பிரிந்து போகும் இடத்துக்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். 'காலைப் பெரட்டுக்கு அனைவரும் ஆறரை மணிக்கு வரவேண்டும்.' பெரட்டில் மெசின் நின்றது. முதலாவது மாற்றாகப் 'புரட்டு' என்று காட்டியது. புவனேந்திரன் பெரிய ஆரை அடித்தார். 'காலைப் புரட்டுக்கு அனைவரும் வரவேண்டும்' என்று பன்னிரண்டு பிரதி மலை முழுக்க ஒட்டப்பட்டது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று எழுத்துக் கூட்டி வாசித்த ஒருவர், "இத்தன வருசத்துல தொர இப்பத்தாம்பா உண்மைய எழுதியிருக்காரு" என்று சொல்லி அறிவித்தலைத் தொட்டுக் கும்பிட்டாராம். புவனேந்திரன் அசையவில்லை. "புரட்டுங்கிறது தமிழ்ச் சொல். பெரட்டு எங்க இருக்கு, காட்டுங்க" என்றார்.

சிரித்துவிட்டு மறக்கக்கூடிய பிழைகளோடு நின்றிருந்தால் இந்த வரலாறும் நின்றிருக்கும்.

மூன்று வருடத்துக்கு முந்திய ஐப்பசி மழையில் கீழ்ப்பிரிவு லயத்துக்குப் பின்னால் மண் வாய் பிளந்தது. பிளவு ரெங்கம்மாவின் காம்பிராச் சுவர் வழியாக ஏறி, சாமிப் படத்துக்குக் கீழே வந்து நின்றது. அதிகாரிகள் வந்தார்கள், கம்பி நட்டு அளந்தார்கள், சுவரில் சிவப்புப் பெயின்டால் ஒரு குறி போட்டார்கள், இது ஆபத்தான இடம் என்று அங்கேயே குடியிருந்தவர்களுக்கு அறிவித்துவிட்டுப் போனார்கள். மேட்டுப் பக்கம் அறுபத்துநாலு வீடு கட்டித் தரப்படும் என்றார்கள். அறுபத்துநாலு குடும்பத் தலைவர்களின் பெயர், தகப்பன் பெயர், பிரிவு. இவ்வளவும் மூன்று பிரதி வேண்டும். அடையாள அட்டை இலக்கத்துக்கும் ஒரு கட்டம் முதலில் இருந்தது. தாளின் அகலம் போதவில்லை என்று அதை எடுத்துவிட்டார்களாம். அடியில் ஒரு குறிப்பு: 'எழுத்துப்பிழையுள்ள பட்டியல் ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது.'

தோட்டத்துத் தலைவர் சுரேஸ், கொப்பித் தாளில் எழுதிய பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தார். "அண்ணே, ஒங்க கையில பட்டாத்தான் இது பாஸாகும்."

இந்த ஒரு வாக்கியம் போதாதா? புவனேந்திரன் மதியச் சாப்பாட்டை மறந்து அடித்தார். மூன்று பிரதியையும் ஒரே கோப்பில் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தார். கட்டளையைக் கொடுத்தார். மெசின் வாசிக்கத் தொடங்கி, பதினேழாம் வரியில் நின்றது.

ரெங்கம்மா. கீழே, முதலாவது மாற்று: ரங்கம்மா.

அவர் உடனே அடிக்கவில்லை என்பதை அவருக்காகச் சொல்லத்தான் வேண்டும். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியாரின் சிவப்புப் பேனா, வகுப்பின் சிரிப்பு, எல்லாம் அந்தக் கறுப்புத் திரையில் ஓடியிருக்கும். அக்கா தனக்குச் செய்ததற்கெல்லாம் தான் அக்காவுக்குச் செய்தது என்ன? பாணும் கருவாடும். இதோ, கொழும்பு வரை போகப்போகும் ஒரு கடதாசியில் அவளுக்கு ஒரு நல்ல தமிழ்ப் பெயர். மூன்று பிரதியிலும் மாற வேண்டுமே! பெரிய ஆரை அடித்தார்.

அவர் பார்க்காதது ஒன்று உண்டு. பட்டியலின் நாற்பத்தோராம் வரியில், அதே பிரிவின் மேல் லயத்தில், பிறவியிலேயே கொம்பு இல்லாத ரங்கம்மா ஒருத்தி இருந்தாள். அவளுடைய தகப்பன் பெயரும் வீரய்யா. அந்தத் தலைமுறையில் தோட்டத்தில் கல்லெறிந்தால் ஏதாவது ஒரு வீரய்யாமேல்தான் விழும். அவள் பெயர் சரியாக இருந்தபடியால் மெசின் அங்கே நிற்கவில்லை. வாயையும் திறக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து அனுமதிக்கப்பட்ட பட்டியல் பிரிவு அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டது. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. பெயர்கள் அறுபத்துமூன்று.

புவனேந்திரன் அந்தக் காரியாலயத்துக்குப் போனார். கவுண்டரில் தினேஸ் என்ற இளம் உத்தியோகத்தர் இருந்தார். மரியாதையான பிள்ளை, கதிரை போட்டு உட்காரவைத்துத்தான் எல்லாவற்றையும் சொன்னார்.

"ஒரே பேரு ரெண்டு தடவ இருந்திச்சுங்க ஐயா. அப்பா பேரும் அதேதான். ரெண்டு வீடு எடுக்கப் பாக்குறாங்கன்னு ஒண்ண எடுத்துட்டோம்."

"அது ரெண்டு பேருங்க தம்பி. ஒருத்தி ரெங்கம்மா. மத்தவங்க ரங்கம்மா."

"பட்டியல்ல அப்படி இல்லையே."

"நான்தான் திருத்தினேன்."

"அப்ப பிழையாத் திருத்திட்டீங்களா?"

புவனேந்திரன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சொல்லுக்குத் தடுமாறினார். "இல்லைங்க. சரியாத்தான் திருத்தினேன்."

தினேஸ் யோசித்தார். "சரியாத் திருத்தியிருந்தா, திருத்துறதுக்கு விண்ணப்பம் போட ஏலாதுங்களே."

புவனேந்திரன் சுரேஸின் கொப்பித் தாளை எடுத்து நீட்டினார். கையெழுத்துப் பிரதி செல்லுபடியாகாது என்று பதில் வந்தது. கடைசியில் தினேஸே இரங்கி ஒரு வழி சொன்னார். ரெங்கம்மா என்பவள் தான் ரங்கம்மா அல்ல என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். மேல் லயத்து ரங்கம்மா தான் ரெங்கம்மா அல்ல என்று இன்னொன்று முடிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து மேலிடத்துக்கு அனுப்பினால் பரிசீலிப்பார்கள்.

இப்படியாக, நாற்பது வருடத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்த இரண்டு பெண்கள், நான் அவள் இல்லை, நான் இவள் இல்லை என்று சமாதான நீதவான் முன்னால் பெருவிரல் வைத்தார்கள். வரும் வழியில் மேல் லயத்து ரங்கம்மா அழுதாள். "அக்கா, என் வீட்லயே வந்து இருந்துக்குங்க. ஒரு ரூம் சும்மாதானே கெடக்கும்."

"இன்னொருத்தி பேர்ல நான் குடியிருக்க மாட்டேன்டி" என்றாள் ரெங்கம்மா. "நாளைக்குச் செத்தாலும் ஒன் பேர்லதான் தூக்குவாங்க."

டவுனில் தன் அறைக்கு வந்துவிடும்படி தம்பி கெஞ்சினார். "ஒன் ரூம்ல நான் படுத்தா, நீ நின்னுக்கிட்டா தூங்குவ?" என்று கேட்டுவிட்டுக் கோழிகளுக்குத் தீனி போடப் போனாள்.

பிளவு வளருகிறதா என்று பார்க்க அதன்மேல் கடதாசி ஒட்டி வைக்கச் சொல்லியிருந்தார்கள். கடதாசி கிழிந்தால் உடனே வெளியேற வேண்டும். புவனேந்திரன் ஞாயிறு தோறும் கடையில் வீணான தாள்களைக் கொண்டுவந்து கோதுமை மாப் பசையால் ஒட்டினார். ஒரு ஞாயிறு பின்னேரம், பைக்குள் கைவிட்டபோது வந்த தாள், அந்தப் பட்டியலின் கெட்டுப்போன பிரதி. பதினேழாம் வரி மேலே தெரிந்தது. பசைக் கையோடு அப்படியே நின்றுவிட்டார்.

அதுவரை அக்காவுக்கு அவர் சொன்னதெல்லாம், காரியாலயத்தில் ஏதோ பிழை நடந்துவிட்டது என்பதுதான்.

"அக்கா. பேர மாத்துனது அவங்க இல்ல. நான்தான்."

ரெங்கம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகு நிற்கவில்லை. "என்னான்னு மாத்துன?"

"ரங்கம்மான்னு."

"அது அவ பேருல்ல?"

"அதுதான் சரியான பேருன்னு நெனச்சேன். ஒன் பேர்ல ஒரு கொம்பு கூடுதலா இருந்துச்சு. எடுத்துட்டேன்."

இப்போது சுளகு நின்றது. அவளுக்கு எழுத்துத் தெரியாது. "எங்க, அந்தக் கொம்ப எழுதிக் காட்டு."

புவனேந்திரன் அடுப்புச் சாம்பலை இழுத்து, விரலால் ஒரு கொம்பைச் சுழித்தார். அவள் குனிந்து பார்த்தாள். பக்கத்தில் விரல் வைத்து அளந்தாள்.

"இத்தனூண்டு. இதுக்கா ஒரு வீடு?"

அவர் சாம்பலில் அந்தக் கொம்பையே மறுபடி சுழித்தார்.

"நீ டவுன் பள்ளிக்கூடம் போனப்ப, 'ரெங்கம்மா தம்பிக்குக் கொம்பு மொளச்சிருச்சு'ன்னு லயமே சொல்லிச்சு. நான் நம்பல." அவள் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. "என்னோடத எடுத்துத்தான் வச்சுக்கிட்டியாடா?"

சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறும் வரை சிரித்தாள். ஐம்பது வயதுத் தம்பி சாம்பல் விரலோடு அழுதுகொண்டிருந்தார். "அழாதடா. மூக்கத் தொடச்சுக்க. சாம்பல் கையால தொடைக்காத" என்றாள். பிறகு அந்தத் தாளை அவர் கையில் இருந்து வாங்கி, தானே பிளவின்மேல் ஒட்டினாள். தலைகீழாக.

திங்கட்கிழமை காலை புவனேந்திரன் கடைக்கு வந்து, மட்டையில் ஏ என்ற எழுத்தின் தூசியைத் துடைத்தார். 'ரெங்கம்மா' என்று ஒரு சொல் மட்டும் உள்ள கோப்பை உண்டாக்கி, கட்டளையைக் கொடுத்தார். மெசின் நின்றது. ஏ அடித்தார். மறுபடி கொடுத்தார். மெசின் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு பெரட்டைச் சேர்த்தார். ரெங்கசாமி, விஜயலெட்சுமி, காம்பிரா, தொர... அக்கா வாயில் இருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும் சேர்த்தார். ஞாயிறு தோறும் துண்டுக் கடதாசியில் குறித்துக்கொண்டு வருவார். வருபவர்களின் பெயர் பிழையென்று மெசின் நின்றால் அவர்களிடமே கேட்பார்: "ஒங்க பேர எப்படிக் கூப்பிடுவாங்க?" தாஸிம் நானா கேட்டார்: "இப்பிடிச் சேத்துக்கிட்டே போனா, கடைசில எதப் புடிக்கும் அது?"

"புடிக்க வேண்டியதப் புடிக்குங்க நானா."

மேலிடத்துக்குப் பதினான்கு மாதம் நினைவூட்டல் கடிதம் போனது. எல்லாம் அக்கா பெயரில், அக்கா பெருவிரலோடு. ஒன்றில்கூடத் தம்பி பெயர் இல்லை.

போன கார்த்திகையில், மேட்டு வீடுகள் இன்னும் திறக்கப்படாத நிலையில், மூன்று நாள் மழை விடவில்லை. சுவரில் ஒட்டிய பட்டியல், மேலிருந்து கீழாகக் கிழிந்தது. விடிந்ததும் கீழ்ப்பிரிவு முழுவதையும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றினார்கள். ரெங்கம்மா கூடைக்குள் கோழிகளை அடைத்துத் தலையில் வைத்துக்கொண்டு நனைந்தபடி ஏறினாள். சீமெந்துத் தரையில் ஐந்து நாள் படுத்தாள். சளி நெஞ்சில் இறங்கியது. ஆறாம் நாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக் கட்டிலில், தம்பி பக்கத்தில் இருக்கும்போதே, மூச்சு நின்றுவிட்டது. கட்டில் தலைமாட்டு அட்டையில் ரங்கம்மா என்று எழுதியிருந்தது. புவனேந்திரன் நர்சிடம் பேனா கேட்டு வாங்கி, முன்னால் ஒரு கொம்பு போட்டார். நர்ஸ் ஒன்றும் சொல்லவில்லை.

லயம் விழவில்லை. இன்றைக்கும் சிவப்புக் குறியோடு அப்படியே நிற்கிறது.

கருமாதிக்கு அடுத்த நாள் கடைக்கு ஒரு தபால் வந்தது. தாஸிம் நானா பிரிக்காமல் கொண்டுவந்து மேசையில் வைத்தார். 'ரெங்கம்மா என்பவர் ரங்கம்மா அல்லர் என்பது ஏற்றுக்கொள்ளப்படுகிறது. அறுபத்துநான்காம் இலக்க வீடு வீ. ரெங்கம்மா அவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. கதவுத் திறப்பைப் பெற்றுக்கொள்ள நேரில் வரவும்.' கொம்பு இருந்த இடத்தில் இருந்தது. பிழையே இல்லாத கடிதம்.

"பதில் போடணும்" என்றார் புவனேந்திரன்.

"நாளைக்குப் போடலாம் தம்பி."

"இல்லைங்க நானா. திறப்போட காத்துக்கிட்டு இருப்பாங்க."

நாலு வரி அடித்தார். மேற்படி ரெங்கம்மா காலமாகிவிட்டார். கீழ்ப்பிரிவு லயத்தில் காம்பிரா வெடித்தும் பட்டியலில் பெயர் ஏறாத வேறு குடும்பங்கள் உண்டு. அவர்களில் ஒருவருக்கு வீட்டைக் கொடுக்கவும். இப்படிக்கு, அன்னாரின் தம்பி... இனி பெருவிரல் வைக்க ஆள் இல்லாதபடியால், பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாகத் தன் பெயரை அடித்தார்.

கட்டளையைக் கொடுத்தார். மெசின் வாசித்துக்கொண்டு போனது. லயத்தில் நிற்கவில்லை. காம்பிராவில் நிற்கவில்லை. ரெங்கம்மாவைத் தாண்டிப் போனது, வெகுநாளாய்த் தெரிந்தவளைப் போல.

கடைசிச் சொல்லில் நின்றது. 'புவனேந்திரன்.' கீழே நாலைந்து மாற்றுகளைக் காட்டிவிட்டு, பதிலுக்காகக் காத்திருந்தது.

தாஸிம் நானா தோளுக்கு மேலால் பார்த்தார். "சேத்து வுடுங்களேன். 'ஏ' தானே?"

புவனேந்திரன் மட்டையைப் பார்க்கவில்லை. சேர்க்க ஏ, விட்டுவிட ஐ; அந்த நாலு எழுத்தும் அவர் விரலுக்குத் தெரியும்.

"இது இருக்கட்டும் நானா" என்று சொல்லி, ஐ அடித்தார்.